செம்மாங்குடி ரோட்டை நடக்குறவங்களுக்கு விடணும்னா எப்படி விடலாம்? நாலு வழியையும் ஒப்பிட்டுப் பாத்தேன்

போன கிறிஸ்மஸுக்கு துணி எடுக்க அம்மாவைக் கூட்டிட்டு நாகர்கோவில் செம்மாங்குடி ரோட்டுக்கு போயிருந்தேன். ஒரு கடையில சேலை பாத்துட்டு எதிர்க்கடைக்கு போகணும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் நிக்கிறவங்க பேசுறது இந்தப் பக்கம் கேக்கும், அவ்வளவு கிட்ட. அதைத் தாண்டுறதுக்கு நாங்க நின்ன நேரத்துல ஒரு சாயா வாங்கி ஆத்திக் குடிச்சு முடிச்சிருக்கலாம். அம்மாவுக்கு முட்டுவலி, படக்குன்னு நடக்க ஒக்காது, ஒரு பைக்குல தொங்குன துணிப்பை முழங்கையில இடிச்சுட்டுப் போச்சு, ஓட்டுன பையனையும் குத்தம் சொல்ல முடியாது, பின்னாடி ஓட்டோ ஹாரன் அடிக்குது, முன்னாடி ஸ்கூட்டர் நிக்குது, அவன் எங்கதான் போவான். கடைப்படியில ஏறி நின்னு மூச்சு வாங்கிட்டு அம்மா சொன்னாங்க, "சவேரியார் பெருநாளுக்கு தேர் வரும்போ கோட்டாறுல ரோட்டை அடைச்சு விடுவாங்கல்லா மக்ளே, அதே மாதிரி இங்கயும் விட்டா என்ன?"

அன்னையில இருந்து இந்தக் கேள்வி என்னைய விடவே இல்ல. ஏன்னா ரோட்டை மூடுறது நமக்கு ஒண்ணும் புதுசு கெடையாது. சுசீந்திரம் மார்கழித் தேருக்கு மூடுறோம், நாகராஜா கோயில் தைத் தேருக்கு மூடுறோம், கோட்டாறு பெருநாளுக்கு மூடுறோம். போலீஸ் வந்து பாரிகேட் போடுவாங்க, பஸ்ஸைச் சுத்தி விடுவாங்க, அன்னைக்கு யாரும் ஊரே நின்னு போச்சுன்னு சொல்லுறதில்ல. பிள்ளைங்க ரோட்டு நடுவுல ஓடும், பாட்டிமார் பைய நடந்து கடை கடையா பாப்பாங்க. அப்போ முடியுமா முடியாதாங்கிறது கேள்வியே இல்ல. எந்த ரோடு, எத்தனை மணி நேரம், எந்த மாதிரி, அதுல யாருக்கு நஷ்டம் வரும், இதுதான் கேள்வி. மாநகராட்சி இப்படி ஒரு திட்டம் அறிவிச்சிருக்குன்னு யாரும் நினைச்சுக்கிடாதீங்க, இது இந்த ஊர்ல பொறந்து வளந்த ஒருத்தியோட யோசனை, நாலு ஊர்ல செஞ்சதை வச்சு நம்ம ஊருக்கு எது சரி வரும்னு நானா உக்காந்து பாத்தது.

முதல்ல எந்த ரோடுங்கிறதை முடிச்சுருவோம்.

இதைப் பத்தி பேச்செடுத்தா பாதிப்பேர் மணிமேடையைத்தான் சொல்லுதாங்க. ராஜா காலத்து மணிக்கூண்டு, சுத்தி ஒரு மைதானம் மாதிரி ஆக்கினா பாக்க அழகாத்தான் இருக்கும். ஆனா திருவனந்தபுரம் பக்கம் இருந்து வர்ற வண்டியும் கன்னியாகுமரி பக்கம் போற வண்டியும் வந்து முட்டுற எடம் அது, அங்க மூடுனா வண்டி போக நமக்கு சரியான மாத்து வழி கெடையாது, பஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் சின்னச் சின்ன தெருவுக்குள்ள நுழைஞ்சு அங்க இருக்கவங்க வாழ்க்கை நாசமாயிரும். கன்னியாகுமரிக்குப் போற கேப் ரோட்டுக்கும் இதே பதில்தான்.

கோட்டாறு கம்போளம்னு சிலர் சொன்னாங்க. எனக்கும் ரொம்பப் பிடிச்ச எடம் அது, அரிசி, மளிகை, கருப்பட்டின்னு அந்த மணமே தனி. ஆனா கம்போளம் மொத்த வியாபாரம் நடக்குற எடம். அங்க டெம்போவும் லாரியும் வரலேன்னா மூட்டை எப்படி எறங்கும், சுமை தூக்குறவங்க அத்தனை தூரம் தலையில சுமந்துட்டா போவாங்க? மூட்டை எறங்குறதுதான் அந்தத் தெருவோட உயிரே. அதைப் புடுங்கிட்டு பெஞ்சும் பூச்செடியும் வச்சா ஒரு வருசத்துல மொத்தக் கடையெல்லாம் வேற எங்கயாவது போயிரும். அழகா இருக்கணும்ங்கிறதுக்காக வேலை செய்யுற தெருவை சாகடிக்கக் கூடாது, இதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல.

அப்புறம் கன்னியாகுமரி. சன்னதித் தெரு, காந்தி மண்டபம் சுத்துவட்டாரம், கடற்கரை ரோடு. 2024 டிசம்பர் கடைசியில விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவுல 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் தொறந்தாங்க, ஐயப்ப சீசன்ல ஏற்கெனவே தாங்காத கூட்டம், இப்பம் இன்னும் கூடுது. அங்க வண்டியைக் கட்டுப்படுத்துறது நியாயம்தான், ஆனா அது டூரிஸ்டுக்கான கேள்வி. அங்க இருக்க மீனவக் குடும்பங்களுக்கு மீன் கொண்டு போக வண்டி உள்ள வந்தே ஆகணும், அவங்களைக் கேக்காம அங்க ஒரு கல்லைக் கூட நகத்தக் கூடாது. இன்னொண்ணும் சொல்லணும், கன்னியாகுமரியில காலாற நடக்கவும் உக்காரவும் கடல் பக்கம் ஏற்கெனவே எடம் இருக்கு. நாகர்கோவில்ல வேப்பமூடு பூங்காவை விட்டா அப்படி என்ன இருக்கு? சாயங்காலம் வேலை முடிஞ்சு ஒரு அரைமணி நேரம் காசு செலவில்லாம உக்காரணும்னா ஜவுளிக்கடை ஏசியிலதான் உக்காரணும், அங்கயும் சேலை பாக்குற மாதிரி உக்காரணும்.

அதனாலதான் செம்மாங்குடி ரோடு. மீனாட்சிபுரம், அண்ணா பஸ் ஸ்டாண்டு எல்லாம் நடந்து வர்ற தூரம். ஜவுளி, நகை, செருப்பு, பாத்திரம், பேன்சி, எல்லாமே சில்லறை வியாபாரம், வாங்க வர்றவங்க கையில தூக்கிட்டுப் போற சாமான். ஊரைத் தாண்டிப் போறவங்களுக்கு அந்த ரோடு வேண்டியதே இல்ல, அங்க வர்றவங்க அங்க வேலை இருந்து வர்றவங்க. நடக்குற தெருவாக்க ஒரு ரோட்டுக்கு என்னென்ன வேணுமோ அதெல்லாம் இங்க இருக்கு.

இனி எப்படிங்கிறது. இதுலதான் நாலு வழி இருக்கு.

முழுசா மூடுறது முதல் வழி. கல்லு பதிச்சு, ரெண்டு முனையிலயும் தூண் நட்டு, இனி இது வண்டி ரோடே கிடையாதுன்னு சொல்லிர்றது. இதுக்கு நம்ம பக்கத்துல நல்ல உதாரணம் கோழிக்கோடு மிட்டாய்த் தெரு. 2017 டிசம்பர்ல புதுப்பிச்சுத் தொறந்தாங்க, கடை நேரத்துல வண்டிக்குத் தடை. ஆரம்பத்துல கடைக்காரங்க கடுமையா எதிர்த்தாங்க, வண்டி வரலேன்னா ஆளு வராதுன்னு போராட்டமே நடந்துச்சு. ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனப்பம் சாயங்காலம் அந்தத் தெருவுல ஒரு முனையில இருந்து மறு முனைக்கு நடந்தேன், ஹல்வாக் கடை, துணிக்கடை, நடுவுல பெஞ்சு, பர்தா போட்ட பாட்டிம்மா ஒருத்தங்க பேரப்பிள்ளையைக் கையை விட்டுட்டு ஹாயா உக்காந்திருந்தாங்க. பிள்ளையோட கையை விட முடியுது பாருங்க, ஒரு ரோடு நல்லாருக்கான்னு பாக்க எனக்கு இதுக்கு மேல அளவுகோல் எதுவும் வேண்டாம்.

ஆனா மிட்டாய்த் தெருவுல இன்னொரு பாடமும் இருக்கு, தீ. 2007-ல அங்க பட்டாசுக் கடை தீ விபத்துல 8 பேர் செத்துப் போனாங்க, அதுக்குப் பிறகும் அந்தத் தெருவுல தீ பிடிச்சிருக்கு. நெருக்கமான ஜவுளிக்கடை இருக்க எந்தத் தெருவுக்கும் இது பொருந்தும். பெஞ்சு, தொட்டி, வளைவு எல்லாத்தையும் நடுவுல கொண்டு வச்சுட்டு ஃபயர் இஞ்சின் நுழைய எடமில்லாம ஆக்கிட்டா அது நடக்குற தெரு இல்ல, பொறி. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நடுவுல ஒரு பாதை எப்பவும் காலியா இருக்கணும், முனையில நடுற தூண் கழத்தி எடுக்குற மாதிரி இருக்கணும், சாவி யார்கிட்டன்னு எழுதி வைக்கணும்.

டெல்லி சாந்தினி சௌக் இன்னொரு உதாரணம். செங்கோட்டையில இருந்து ஃபதேப்பூரி மசூதி வரைக்கும் சுமார் 1.3 கிலோமீட்டர், 2021 செப்டம்பர்ல தொறந்தாங்க, காலையில 9 மணியில இருந்து ராத்திரி 9 வரைக்கும் மோட்டார் வண்டி கூடாது. சைக்கிள் ரிக்சா மட்டும் போகலாம், சரக்கு ராத்திரி எறக்கணும். வேலை ரொம்ப அழகா செஞ்சாங்க. ஆனா தொறந்த பிறகு பைக்கும் பேட்டரி ரிக்சாவும் உள்ள நுழையுது, யாரும் தடுக்க ஆளில்லைன்னு கடைக்காரங்களே புகார் சொல்லுற நிலைமை வந்துச்சு. கல்லு பதிக்க ஒரு தடவை காசு போதும், காவலுக்கு தினமும் ஆள் வேணும். நம்ம ஊர்ல முதல் மாசம் ரெண்டு போலீஸ் நிப்பாங்க, ரெண்டாவது மாசம் ஒரு ஹோம்கார்டு நிப்பாரு, மூணாவது மாசம் பாரிகேட் மட்டும் நிக்கும், அப்புறம் அதையும் யாராவது ஓரமா தள்ளி வச்சுட்டு பைக்கை விடுவாங்க. கேலியா சொல்லல, முழுசா மூடுற திட்டத்தோட பெரிய பலவீனமே இதுதான்னு சொல்லுறேன்.

ரெண்டாவது வழி, சென்னை பாண்டி பஜார் மாதிரி. 2019 நவம்பர்ல தொறந்தாங்க, சுமார் 40 கோடி செலவு. நடைபாதைப் பிளாசான்னு பேரு இருந்தாலும் அங்க வண்டி போகும், ரோட்டைக் குறுக்கி நடைபாதையை அகலமாக்கி, பெஞ்சு, பிள்ளைங்க விளையாட சாமான், லைட்டுன்னு வச்சிருக்காங்க. இதுல ஒரு நல்லது, யாரையும் முழுசா வெளிய தள்ள வேண்டாம், கால் முடியாதவங்க கடை வாசல் வரைக்கும் ஓட்டோவுல வரலாம். ஆனா இதுக்கு ரோடு அகலமா இருக்கணும். பாண்டி பஜார் இருக்க தியாகராய ரோடு எங்க, செம்மாங்குடி ரோடு எங்க. இங்க எல்லா எடத்துலயும் ஒரே அகலம் கூட இல்ல. ரோட்டுக்கு அளவு வகுக்குற அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி நடைபாதையில தடங்கல் இல்லாம குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் வேணும், வீல்சேர் ஒண்ணும் இன்னொண்ணும் தாண்டிப் போற அளவு. ரெண்டு பக்கமும் அதை விட்டா நடுவுல வண்டிக்கு மிஞ்சுறது ஒரு ஒத்தை லைன்தான், அதுல ஒரு டெம்போ நின்னு லோடு எறக்குனா முடிஞ்சுது கதை. அப்புறம் அந்த அகலமான நடைபாதை மேலயே பைக் ஏறி நிக்கும். சென்னையில வேலைக்கு இருந்தப்பம் நான் பாத்த பல ரோட்டுல நடைபாதைன்னு கட்டுனது பைக் ஸ்டாண்டாத்தான் இருந்துச்சு.

பாண்டி பஜார்ல நடந்த இன்னொரு விசயத்தையும் விட்டுறக் கூடாது. அங்க பிளாட்பாரத்துல கடை போட்டிருந்தவங்களை 2013-லயே ஒரு காம்ப்ளெக்ஸ் கட்டி அதுக்குள்ள மாத்தினாங்க, அதுக்குப் பிறகுதான் இந்த அழகெல்லாம் வந்துச்சு. ரோட்டுல நடந்து போறப்ப பாத்து வாங்குற சாமானை மாடி ஏறிப் போயி யாரு வாங்குவா? நம்ம ரோட்டோரத்துல பிச்சிப்பூ விக்கிற அக்கா, மட்டிப்பழம் விக்கிறவங்க, கர்ச்சீப்பும் சாக்ஸும் விக்கிற பையன், இவங்களை எங்கயோ ஒரு கட்டடத்துக்குள்ள போட்டு அடைச்சுட்டு நடக்குறவங்களுக்கு ரோடு குடுத்தோம்னு சொன்னா எனக்கு அந்த ரோடே வேண்டாம். 2014-ல வந்த தெரு வியாபாரிகள் சட்டம் இதுக்குன்னே இருக்கு. கணக்கெடுக்காம யாரையும் அகற்றக் கூடாது, நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும், அதுல நாப்பது சதவீதத்துக்குக் குறையாம தெரு வியாபாரிகளோட பிரதிநிதிகளே இருக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு பெண்கள். திட்டம் போடுற மேசையில முதல் நாளே பூக்கார அக்கா உக்காரணும்ங்கிறது நான் கேக்குற சலுகை இல்ல, சட்டத்துல இருக்கறது.

மூணாவது வழி நேரம் பாத்து மூடுறது. இதுக்கு புதுச்சேரி பீச் ரோடு. சாயங்காலம் 6 மணிக்கு மூடுனா மறுநாள் காலையில 7.30 வரைக்கும் வண்டி கிடையாது, பகல்ல சாதாரண ரோடு. அங்க போனவங்களுக்குத் தெரியும், ஆறு மணி ஆச்சுன்னா ரோட்டு நடுவுல குடும்பம் குடும்பமா நடப்பாங்க, யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஊருக்கே அந்த நேரம் பழகிருச்சு, அதனால காவலும் குறைவாப் போதும். திருவனந்தபுரத்துல வெள்ளையம்பலம் பக்கத்துல மானவீயம் வீதியும் கிட்டத்தட்ட இந்த வகைதான், சாயங்காலமும் ராத்திரியும் பாட்டு, நாடகம், சும்மா உக்காந்து பேசுறதுன்னு பிள்ளைங்க கூடுற எடம். நம்ம ஊரு பிள்ளைங்க எத்தனையோ பேரு அங்க படிக்குதாங்க, லீவுக்கு வரும்போ "நம்மூர்ல இது மாதிரி ஒண்ணு இல்லியே"ன்னு சொல்லாத ஆளில்ல.

செம்மாங்குடி ரோட்டுக்கு இந்த வழி ஏன் பொருந்தும்னா, நம்ம வெயிலுக்கு மத்தியானம் பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் ரோட்டை மூடி யாருக்கு லாபம்? மரமும் இல்ல, பந்தலும் இல்ல, அந்த நேரம் யாரும் காலாற நடக்க வரமாட்டாங்க, வர்றவங்க அவசரமா ஏதாவது வாங்கிட்டு ஓடுறவங்க. சரக்கு காலையில எறக்கலாம், மத்தியானம் வயசானவங்க ஓட்டோவுல வாசல்ல வந்து எறங்கலாம், சாயங்காலம் 5 மணியில இருந்து 9.30 வரைக்கும் நடக்குறவங்களுக்கு. கூட்டம் வர்றதும் அந்த நேரம்தான், இடி படுறதும் அந்த நேரம்தான்.

நாலாவது வழி வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் மட்டும். பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட்ல 2020 நவம்பர்ல இருந்து சில மாசம் சனி ஞாயிறு மட்டும் வண்டியை நிறுத்திப் பாத்தாங்க, கோயம்புத்தூர்லயும் சென்னையிலயும் ஞாயித்துக்கிழமை காலையில ரோட்டை மூடி ஆட்டம் பாட்டம் நடத்தியிருக்காங்க. சந்தோசமான விசயம், ஆனா நான் கேக்குறது வேற. நம்ம மாவட்டத்துல ஞாயித்துக்கிழமை காலையில பாதிப்பேர் சர்ச்சுல பூசையில இருப்பாங்க, கடையும் நெறைய அடைச்சிருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் விழா மாதிரி நடத்துனா பழக்கம் வராது, பழக்கம் வரலேன்னா பஸ்ஸுல வர்றவங்களும் பைக்குல வர்றவங்களும் தங்களோட வழியை மாத்திக்கிட மாட்டாங்க.

இப்பம் கடைக்காரங்க பக்கத்துக்கு வருவோம், ஏன்னா இது நிக்குறதும் விழுறதும் அவங்க கையிலதான் இருக்கு. அந்தப் பக்கம் சின்ன ரெடிமேட் கடை வச்சிருக்க எங்க உறவுக்காரர் ஒருத்தர், சித்தப்பா முறை, அவர்கிட்ட கேட்டேன். "வண்டி வாசல்ல நிக்கலேன்னா ஆளு நேரா பார்க்கிங் இருக்க பெரிய கடைக்குப் போயிருவான் பிள்ளே, எங்கள மாதிரி ஆளுக்கு ஒரு மாசம் ஏவாரம் கொறஞ்சா வாடகை குடுக்க ஒக்காது"ன்னு சொன்னாரு. இதை சும்மா பயம்னு தள்ளிர முடியாது. பெரிய ஷோரூம்காரங்களுக்கு சொந்தமா பார்க்கிங் இருக்கு, ரோட்டை மூடுனா அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, சின்னக் கடைக்காரருக்கு ரோடுதான் பார்க்கிங்கே.

சரின்னு ஒரு சாயங்காலம் அவர் கடை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து வர்றவங்ககிட்ட எப்படி வந்தீங்கன்னு கேட்டேன். தக்கலையில இருந்து பஸ்ஸு, ராஜாக்கமங்கலத்துல இருந்து பஸ்ஸு, பூதப்பாண்டியில இருந்து பஸ்ஸு, பக்கத்துத் தெருவுல இருந்து நடந்து, இதே பதில்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு, பைக்குல வந்தவங்களும் இருந்தாங்க, ஆனா சித்தப்பா நினைச்ச அளவு இல்ல. அவருக்கே ஆச்சரியம். இங்கிலாந்துல பிரிஸ்டல்ங்கிற ஊர்ல 2006-ல இதே மாதிரி ஒரு ஆய்வு செஞ்சப்பம், கடைக்காரங்க எங்ககிட்ட வர்றவங்கள்ல 41 சதவீதம் கார்ல வர்றவங்கன்னு சொன்னாங்க, எண்ணிப் பாத்தா 22 சதவீதம்தான். கார்ல வர்ற ஆளு வாசலை அடைச்சுட்டு நிக்கிறதால கண்ணுல படுறாரு, பஸ்ஸுல வந்தவங்க கூட்டத்தோட கூட்டமா உள்ள வந்துர்றாங்க. ஒரு கடை வாசல்ல ஒரு சாயங்காலம் கேட்டதை வச்சு முடிவு பண்ணக் கூடாது, மாநகராட்சி ஒரு வாரம் எல்லாக் கடை வாசல்லயும் கல்லூரிப் பிள்ளைங்களை வச்சு எண்ணட்டும், எண்ணுன கணக்கை ரோட்டுலயே எழுதி ஒட்டட்டும்.

சித்தப்பா சொன்ன வாடகைப் பேச்சு இன்னொரு யோசனையைக் கெளப்பி விட்டுச்சு. கோடிக்கணக்குல செலவழிச்சு கல்லு பதிச்சு ரோடு பளபளன்னு ஆச்சுன்னா முதல்ல ஏறுறது வியாபாரம் இல்ல, வாடகை. கட்டடம் சொந்தமா வச்சிருக்கவங்களுக்கு லாபம், வாடகைக்கு இருக்கவரு மூணு வருசத்துல காலி பண்ணிட்டுப் போவாரு, அந்த எடத்துல சென்னையிலயும் கொச்சியிலயும் இருக்க அதே பிராண்டு கடை வந்து உக்காரும். சாயங்காலம் மட்டும் மூடுற வழியில இந்தப் பயம் கொஞ்சம் கம்மி, ஏன்னா ரோடு அதே ரோடாத்தான் இருக்கும், நேரம்தான் மாறும்.

பைக் எங்க நிக்கும்ங்கிறதுதான் அடுத்தது. இதுக்குப் பதில் சொல்லாம பாரிகேட்டைத் தூக்கிட்டு வரவே கூடாது. சாயங்காலம் காலியா கெடக்குற பள்ளிக்கூட மைதானம், அரசு ஆபீஸ் வளாகம் எதாவது ஒண்ணைப் பேசி அந்த நாலரை மணி நேரத்துக்கு மட்டும் பைக் நிறுத்த விடணும், சின்னக் கடையில வாங்குன பில்லைக் காட்டுனா காசு வாங்கக் கூடாது. ஓட்டோ ஸ்டாண்டை ரெண்டு முனைக்கும் மாத்தணும், ஓட்டோ அண்ணன்மாரை கேட்டுத்தான் எடம் குறிக்கணும், நடந்து களைச்சு வர்றவங்க முதல்ல தேடுறது அவங்களைத்தான். கல்யாண நகை எடுத்துட்டு வர்ற குடும்பத்துக்கும் நடக்க முடியாதவங்களுக்கும் ஒரு பேட்டரி வண்டி பைய ஓடிக்கிட்டே இருக்கட்டும், மதுரையில மீனாட்சி கோயிலைச் சுத்தி சித்திரை வீதிகள்ல வண்டியை நிறுத்தி பல வருசம் ஆச்சு, அங்க பேட்டரி வண்டி பழக்கமாயிருச்சு.

மழையைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம மாவட்டத்துக்கு ஆனி ஆடியில தென்மேற்கு மழை, ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு மழை, ரெண்டும் உண்டு. ரோட்டு மேல ரோடு போட்டுப் போட்டு கடைப்படி தாழ்ந்து போன தெரு எத்தனை பாத்திருக்கோம், அது மேல இன்னும் கல்லு பதிச்சா தண்ணி நேரா கடைக்குள்ளதான் போகும். எப்பவாவது நிரந்தரமா வேலை செய்யுறதா இருந்தா பழைய தாரைச் சொரண்டி எடுத்து, ஓடையைச் சரி பண்ணிட்டு, பிறகுதான் மேல கை வைக்கணும். வழுவழு கிரானைட் வேண்டவே வேண்டாம், மழை பெஞ்ச அன்னைக்கு எங்க அம்மா மாதிரி ஆளு விழுந்தா இடுப்பெலும்பு போயிரும்.

இந்த நாலையும் வச்சுப் பாத்துட்டு நான் நிக்குறது மூணாவது பக்கம், ஆனா அதையும் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல ஆரம்பிச்ச மாதிரி ஆரம்பிக்கணும்னு சொல்லுவேன். அங்க 2009-ல பிராட்வே ரோட்டை மூடுனப்பம் கல்லும் பதிக்கல, கட்டடமும் கட்டல. பெயிண்ட் அடிச்சாங்க, வண்டியை மறிக்க டிரம் வச்சாங்க, விலை குறைஞ்ச மடக்கு நாற்காலி வாங்கி ரோட்டு நடுவுல போட்டாங்க, ஜனங்க வந்து உக்காந்துட்டாங்க. பிறகு கணக்குப் பாத்தாங்க, நடக்குறவங்களுக்குக் காயம் படுறது 35 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, வண்டியில போறவங்களுக்கு 63 சதவீதம். அதைப் பாத்த பிறகு 2010-ல நிரந்தரம்னு அறிவிச்சு, நிரந்தரமான கல்லு வேலையைப் பிறகு பல வருசம் எடுத்து செஞ்சாங்க. அங்க வண்டிப் போக்குவரத்து கெடாததுக்கு ஒரு காரணம் உண்டு, பிராட்வே மத்த ரோட்டையெல்லாம் குறுக்க சாய்வா வெட்டிட்டுப் போற ரோடு, அதை எடுத்ததும் சிக்னல் சிக்கல் குறைஞ்சுது. நம்ம ரோட்டுக்கு அந்த மாதிரி நடக்குமா, சுத்துவட்டாரத்துல நெரிசல் கூடுமா குறையுமான்னு மூடிப் பாத்தாத்தான் தெரியும், அதுக்குத்தான் நாற்காலி முதல்ல, கல்லு பிறகு.

எப்பம் ஆரம்பிக்கலாம்னா பொங்கல் முடிஞ்ச பிறகு. தை கடைசியில இருந்து சித்திரை வரைக்கும் மூணு மாசம். மழை இல்ல, ஓணம் இல்ல, தீபாவளி கிறிஸ்மஸ் இல்ல. பண்டிகை நேரத்துல மூடிப் பாத்துட்டு ஆஹா கூட்டம்னு சொல்லுறதுல அர்த்தமே இல்ல, அந்தக் கூட்டம் எப்படியும் வரும். யாரும் வராத மாசி மாசச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ரோட்டுல நாற்காலியில ஆளு உக்காந்திருக்கான்னு பாக்கணும். சித்தப்பா மாதிரி ஒரு இருபது சின்னக் கடைக்காரங்களை முன்கூட்டியே சேத்து, அவங்க தினவரவை அவங்களே குறிச்சு வச்சு, போன வருசம் இதே மாசத்தோட ஒப்பிடணும். பூக்கார அக்காவுக்கும் கணக்கு வேணும், அவங்க எத்தனை முழம் வித்தாங்கன்னு. மூணு மாசத்துல சின்னக் கடைக்கும் தட்டுவண்டிக்கும் வரவு குறைஞ்சுதுன்னா பாரிகேட்டைத் தூக்கிருவோம், நேரத்தை மாத்துவோம், இல்ல வேற தெருவைப் பாப்போம், நாற்காலி எங்கயும் கொண்டு போய் போடலாம், பதிச்ச கல்லைப் பெயர்க்க முடியாது.

இதை எங்க போய்ச் சொல்லுறதுன்னு கேக்குறவங்களுக்கு: 2022-ல இருந்து மாநகராட்சி வார்டுகள்ல அந்தந்த ஏரியா மக்கள் கூடிப் பேசுற ஏரியா சபைன்னு ஒண்ணு இருக்கு, நவம்பர் 1 உள்ளாட்சி தினம், அன்னைக்குக் கூட்டம் நடத்துற வழக்கம் இருக்கு. நவம்பர் 1 நமக்கு 1956-ல மாவட்டம் தாய்த்தமிழகத்தோட சேந்த நாளும் கூட, யாருக்கும் தேதி மறக்காது. நான் ஒரு தாளுல எழுதி வச்சிருக்கேன், எந்த முனையில பாரிகேட், எங்க ஓட்டோ ஸ்டாண்டு, எந்தப் பக்கம் பூக்கடை வரிசை, எங்க கழிப்பறை. நாற்காலி எங்க போடலாம்னு அம்மாகிட்ட கேட்டேன். சேலைக்கடைக்கும் எதிர்க்கடைக்கும் நடுவுல ஒண்ணு, அது போதும்னு சொன்னாங்க, அந்த எடத்துல ஒரு வட்டம் போட்டு வச்சிருக்கேன்.